பச்சை குத்தப் பழகுகிறாள் என் பெண்

"பி.காம். படிச்ச பொண்ணைப் பச்சை குத்த அனுப்பியிருக்கீங்களே அண்ணி!" என்று என் நாத்தனார் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. நானே மனசுக்குள் அப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக அண்ணனூரில் ரயில் ஏறி அம்பத்தூரில் ஒரு கடைக்குப் போய் வருகிறாள். கையில் வருவது சீசன் டிக்கெட்டுக்கும் டீக்கும் சரி.

ஒரு சனிக்கிழமை சாப்பாடு கொடுக்கப் போனவள், மூன்று மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று அவள் மெஷினைத் தொடவே இல்லை, வந்தவர்களோடு பேசிக்கொண்டே இருந்தாள். "வரைய நிறையப் பேருக்கு வரும் ஆன்ட்டி. வர்றவங்ககிட்ட கேக்கத் தெரியணும். அதுதான் முதல்ல பழகணும்" என்றாள் கடைக்காரப் பெண்.

தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன், அம்மா பெயரைக் கையில் எழுத வந்திருந்தான். செல்போனில் 'கன்னம்மாள்' என்று தட்டி வைத்திருக்கிறான். "அண்ணா, ரெண்டு சுழியா, மூணு சுழியா?" என்றாள் இவள். "எல்லாம் ஒண்ணுதாங்க." "ஒண்ணு இல்லைண்ணா. தோல்ல ரப்பர் போட்டு அழிக்க முடியாது." வீட்டுக்குப் போன் போட்டு ரேஷன் கார்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். மூணு சுழிதான்! பெரிதாக எழுதிக் காட்டி, எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்து, கீழே கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

அடுத்தவன் கழுத்தில் சிங்கம் கேட்டான். "என்ன வேலைக்கு முயற்சி பண்றீங்க?" என்றாள். பட்டாளத்துக்காம். முன்கையின் உட்பக்கத்திலும் புறங்கையிலும் இருந்தால் ஒத்துக்கொள்வார்கள், கழுத்தில் இருந்தால் பொதுவாக எடுக்க மாட்டார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். ஆவடிப் பக்கம் பட்டாளக் கனவோடு ஓடிப் பழகும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் வீட்டுத் தாய்மார்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒரு கல்லூரிப் பெண். காதலன் பெயராம். ஆதாரில் வயது 18 ஆகியிருந்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை, கை நடுங்குகிறது. வெறும் வயிற்றோடு உட்கார்ந்தால் மயக்கம் வரும் என்று பிஸ்கட்டும் டீயும் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் மணி நேரத்தில் விஷயம் வந்துவிட்டது. "குத்திக்கலைன்னா பேச மாட்டேங்கிறான் அக்கா." "பதினஞ்சு நாள் கழிச்சு, சாப்பிட்டு, தனியா வா" என்று அனுப்பிவிட்டாள். லேசரில் அழிக்கலாம்தான். ஆனால் பல தடவை போக வேண்டும், காசும் அதிகம், சுத்தமாகப் போகும் என்றும் சொல்வதற்கில்லை. கடைக்கு அன்று அந்த வரும்படி போயிற்று. கடைக்காரப் பெண் ஒன்றும் சொல்லவில்லை.

போன தையில் தவறிப்போன என் மாமியாரின் முன்கையில் ஒரு கோலம் இருந்தது. தெருவுக்கு வந்த குறத்தி மூன்று நாலு ஊசியைச் சேர்த்துக் கட்டிக் குத்தினாளாம். வலி தெரியாமலிருக்கப் பாடிக்கொண்டே குத்துவாளாம். மஞ்சளையும் அகத்திக் கீரையையும் அரைத்துத் துணியில் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, புதுச் சட்டியில் படியும் கரியை எடுத்துக் குழைத்துத்தான் மை. 1909ல் வந்த எட்கர் தர்ஸ்டனின் புத்தகத்திலும் இது இருக்கிறது. மெஷின் என்னவோ எடிசனின் மின்சாரப் பேனாவை மாற்றி அமைத்தது. 1891ல் நியூயார்க்கில் ஓரெய்லி என்பவர் காப்புரிமை வாங்கினார்.

ஒரே ஊசியால் தெரு முழுக்கக் குத்திய காலம் அது. மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும் எய்ட்ஸ் கிருமியும் அப்படித் தொற்றக்கூடும் என்று இப்போது நமக்குத் தெரியும். உங்கள் வீட்டில் யாராவது போனால், புது ஊசி உறையைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். மையைப் புதுச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். குத்திக்கொண்ட பிறகு ஒரு வருஷம் ரத்த தானம் செய்யக்கூடாது. பொருக்கு உதிரும்போது அரிக்கும், சொறியக்கூடாது.

சொல்ல வந்ததை விட்டுவிட்டேனே. இனி அவள் நிஜத் தோலில் பழக வேண்டும். இதுவரை ரப்பர் தோல்தான். 'முதல் கை என் கை' என்று நானே நீட்டினேன், மாமியாரின் அந்தக் கோலத்தைப் போடச் சொல்லி. உடனே நோட்டை எடுத்துவிட்டாள், என்னமோ நான் ஊர் பேர் தெரியாதவள் போல!

"சாப்டாச்சா? வேற மாத்திரை ஏதாவது? சர்க்கரை?"

மூன்று மாதச் சராசரி 9க்கு மேல் இருந்ததைச் சொன்னேன்.

"புண்ணு ஆறாதும்மா. 7க்குக் கீழே வரட்டும், டாக்டரும் சரின்னு சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று நோட்டை மூடிவிட்டாள்.

கோலத்தை நினைவிலிருந்து காகிதத்தில் வரைந்து கொடுத்திருக்கிறேன். அதை அவள் ரப்பர் தோலில் பழகிக்கொண்டிருக்கிறாள். நான் காலையில் அண்ணனூர் ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு வருகிறேன்.