கோணம் தவறாத கூர்

கத்தி கூராக இருக்கிறதா என்று பார்க்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். நன்கு பழுத்த தக்காளி ஒன்று போதும். கூரான கத்தி தோலில் பட்டதுமே உள்ளே இறங்கும். மழுங்கிய கத்தி தோலை அமுக்கும், சாற்றைப் பிதுக்கும், பிறகு வழுக்கிக்கொண்டு விரலைத் தேடிப் போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மொட்டைக் கத்தியே பத்திரம் என்று நினைப்பவர்கள் கணக்குத் தவறுவது இங்கேதான். கூர் குறையக் குறையக் கை தன் பலத்தைக் கூட்டுகிறது. பலம் கூடினால் கட்டுப்பாடு போய்விடுகிறது.

வெங்காயக் கண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சின்னதாக ஒரு வெட்டு இயந்திரம் செய்து, வெங்காயத்தை நறுக்கும்போது தெறிக்கும் துளிகளை அதிவேகக் காமிராவில் படம் பிடித்தார்கள். 2025இல் வெளியான அவர்களது முடிவு எளிமையானது: கத்தி மழுங்கியிருந்தால் துளிகள் அதிகம், வேகமாக வெட்டினாலும் அதிகம். கூரான கத்தியால் நிதானமாக வெட்டினால் கண் பிழைக்கும்.

இந்தக் கவலையை ஒரு காலத்தில் தெருவே பார்த்துக்கொண்டது. தில்லியில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலை மிதித்துச் சக்கரத்தைச் சுழற்றுபவர். தெற்கே தோளில் சாணைச் சக்கரத்தைச் சுமந்து குரல் கொடுத்துக்கொண்டே வருபவர். இந்தியில் 'சான்', தமிழில் 'சாணை': இரண்டுக்கும் சமஸ்கிருத வேர் ஒன்றுதான். ஆயுதங்களுக்கு மெருகேற்றுவதைக் குலத்தொழிலாகக் கொண்ட வட இந்திய சிக்லிகர்களின் பெயரே மெருகைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இன்று பெருநகர அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிற்காவலரைத் தாண்டி அந்தக் குரல் பன்னிரண்டாவது மாடிக்கு எட்டுவதில்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் 'கோணம் காட்டும்' தீட்டுக் கருவிகள் ஆன்லைன் கடைகளில் வரிசை கட்டி நிற்கின்றன. விலை சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை. பல வீடுகளில் கருவியின் விலை கத்தியின் விலையைவிட அதிகம். எனவே எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்விகள் நியாயமானவை.

முதலில் கோணம். கத்தியின் விளிம்பில் இரண்டு சரிவுகள் ஒரு கோட்டில் சந்திக்கின்றன. தீட்டும்போது ஒவ்வொரு இழுப்பிலும் அந்தச் சரிவு அதே கோணத்தில் கல்லில் பட வேண்டும். கை ஆடினால் விளிம்பு உருண்டுபோகும், கூர் வராது. ஜப்பானியக் கத்திகளுக்குப் பக்கத்துக்கு 15 டிகிரி, ஐரோப்பிய பாணிக் கத்திகளுக்கு 20 என்பது பொதுவான வழக்கம். எலும்பு வெட்டும் கனமான கத்திக்கு 25 அல்லது அதற்கு மேல். கோணம் குறைந்தால் கூர் நயமாக இருக்கும், ஆனால் சீக்கிரம் மடங்கும். நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய, மலிவான எவர்சில்வர் கத்திகளின் உருக்கு மென்மையானது. அதற்குப் 15 டிகிரி வைத்துப் பெருமைப்படுவதில் பயனில்லை. 20 போதும்.

சாதாரணச் சாணைக்கல்லில் இந்தக் கோணத்தைக் கை பழக வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகலாம். வழிகாட்டும் கருவிகள் விற்பது இந்தப் பழக்கத்துக்கான மாற்றைத்தான்.

மிக மலிவானது, கத்தியை ஒரு பிளவில் விட்டு இழுக்கும் வகை. உள்ளே இரண்டு கார்பைடு துண்டுகள் குறுக்காக நிற்கும். அரை நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் அது தீட்டுவதில்லை, சுரண்டுகிறது. விளிம்பு பிசிறு பிசிறாகிறது, கத்தி தேவைக்கு மேல் தேய்கிறது. நூறு ரூபாய்க் கத்திக்கு இது பொருந்தலாம். நல்ல கத்திக்கு ஆகாது.

அடுத்தது இரண்டு செராமிக் குச்சிகளைப் 'வி' வடிவில் நிறுத்தும் வகை. அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனத்தின் ஷார்ப்மேக்கர் இதில் பெயர் பெற்றது. இங்கே சாய்ந்து நிற்பது குச்சிகள்தான். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் போதும். செங்குத்து என்பது கண்ணுக்குப் பழகிய கோணம் என்பதால் புதியவருக்கும் கைவரும். குச்சி முக்கோண வடிவம் கொண்டது. அதன் முனைகளால் ரொட்டி வெட்டும் பல் வைத்த கத்தியையும் தீட்டலாம், மற்ற பல கருவிகளால் இது முடியாது. குறை என்னவென்றால், உடன் வரும் குச்சிகள் மெதுவாகவே தேய்க்கும். கூர் கொஞ்சம் தளர்ந்த கத்தியை மீட்க அவை சிறந்தவை. பத்து வருடம் தீட்டாத கத்தியை அவற்றிடம் கொடுத்தால் மாலை முழுவதும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த வேலைக்கு ஏற்றது கிளாம்ப் வகை. கத்தியின் முதுகை ஒரு கவ்வி பிடித்துக்கொள்ளும். கல் ஒரு கம்பியின் நுனியில் இருக்கும். கம்பி குறிப்பிட்ட துளை வழியே ஓடுவதால் கோணம் பிசகாது. லான்ஸ்கி கருவியில் 17, 20, 25, 30 என்று நான்கு துளைகள். வொர்க் ஷார்ப் நிறுவனத்தின் பிரிசிஷன் அட்ஜஸ்டில் 15 முதல் 30 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரியாகத் திருகி வைக்கலாம். வைரத்தூள் பூசிய பட்டை இருந்தால் மொட்டைக் கத்தியும் சீக்கிரம் வழிக்கு வரும்.

இங்கே வாங்குபவர்கள் இரண்டு இடங்களில் குழம்புகிறார்கள். ஒன்று, எண்கள். ஷார்ப்மேக்கரில் 40 என்று எழுதியிருப்பது இரு பக்கமும் சேர்ந்த கோணம். லான்ஸ்கியில் 20 என்பது ஒரு பக்கக் கோணம். இரண்டும் ஒன்றே. இரண்டு, துளையில் எழுதிய எண் வேதவாக்கு அல்ல. அகலமான கத்தியில் விளிம்பு கவ்வியிலிருந்து தள்ளி நிற்கும். தள்ளிப்போகப் போக உண்மையான கோணம் குறையும். விளிம்பு நேராக இருக்கும் வரை கோணம் ஒரே சீராக இருக்கும், நுனியை நோக்கி வளையும் இடத்தில் மாறும். எனவே கவ்வியை எந்த இடத்தில் பூட்டுகிறீர்கள் என்பது முக்கியம். அடுத்த முறையும் அதே இடத்தில் பூட்ட ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளலாம். 20 சென்டிமீட்டர் கத்தியைச் சிறு கருவியில் இரண்டு தடவை இடம் மாற்றிப் பூட்ட வேண்டியிருக்கும். மெல்லிய கத்தி கல்லின் அழுத்தத்தில் வளைந்துகொடுக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கவ்வியே இல்லாமல் கத்தியைச் சிறு மேடையில் கையால் பிடித்துக்கொள்ளும் எட்ஜ் புரோ வகைக்கு நீளம் ஒரு தடையல்ல. அதன் தோற்றத்தை ஒட்டிய மலிவான சீனப் பிரதிகளும் கிடைக்கின்றன. கல் மாற்றும்போது அதன் கனம் மாறினால் கோணமும் மாறும், அதைச் சரிசெய்யத் தெரிய வேண்டும். இருபுறமும் ஒரே சமயத்தில் தீட்டும் விக்கெட் எட்ஜ் போன்றவை நூற்றுக்கணக்கான டாலர் விலை கொண்டவை. அவை கத்தி சேகரிப்பவர்களின் பொழுதுபோக்குக்கு, குடும்பச் சமையலறைக்கு அல்ல. ஜெர்மனியின் ஹோர்ல் பிரபலமாக்கிய உருளை வகையில் கத்தி காந்தக் கட்டையில் ஒட்டி நிற்க, மேஜைமேல் உருளையை உருட்டினால் போதும். 15, 20 என இரண்டே கோணங்கள். பார்க்க அழகு, கற்க எளிது. அகலம் குறைந்த சிறு கத்திகளும் பல் வைத்த கத்திகளும் அதற்கு ஒத்துவராது.

எந்தக் கருவியானாலும் இரண்டு வேலைகளை அது உங்களுக்காகச் செய்யாது. முதலாவது, சரியான கோணம் எது என்று கண்டுபிடிப்பது. இதற்கு ஒரு மார்க்கர் பேனா போதும். விளிம்புச் சரிவில் மை தீட்டி, கல்லை இரண்டு முறை லேசாக ஓட்டிப் பாருங்கள். சரிவு முழுவதும் மை அழிந்தால் கோணம் சரி. விளிம்பில் மட்டும் அழிந்தால் கோணம் அதிகம், மேலே மட்டும் அழிந்தால் குறைவு. இரண்டாவது, பிசிறு. ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கம் மெல்லிய உலோகப் பிசிறு எழும். முதுகிலிருந்து விளிம்பை நோக்கிக் கட்டைவிரலை மெதுவாக நகர்த்தினால் அது தட்டுப்படும். விரலை விளிம்பின் நீளவாக்கில் ஓட்டக் கூடாது. அடி முதல் நுனி வரை பிசிறு எழுந்த பிறகே பக்கம் மாற்ற வேண்டும். கடைசியில் நயமான கல்லால் பக்கம் மாற்றி மாற்றி லேசாக இழுத்து அந்தப் பிசிறை நீக்க வேண்டும். தீட்டியும் இரண்டே நாளில் மழுங்கிவிட்டது என்ற புகார்களில் பலவற்றுக்குக் காரணம் கருவி அல்ல, நீக்காமல் விட்ட பிசிறு.

ஆகவே, இரண்டு மூன்று கத்தி உள்ள சாதாரண வீட்டுக்கு 'வி' வடிவக் குச்சிகளே அதிகம் பயன்படும். மாதம் ஒரு முறை, ஐந்து நிமிடம். நல்ல நீளக் கத்தி ஒன்றை வைத்துக்கொண்டு தினமும் சமைப்பவர் கோணத்தை மாற்றக்கூடிய கிளாம்ப் வகையை வாங்கலாம். ஒரே ஒரு நூறு ரூபாய்க் கத்திதான் என்றால் ஆயிரக்கணக்கில் கருவி வாங்குவதைவிட நல்ல கத்தி ஒன்று வாங்குவது புத்திசாலித்தனம்.

பலகையில் பொருந்தி வளைந்து நிற்கும் அரிவாள்மனையை இந்தக் கிளாம்ப்புகள் பிடிக்கா. அதற்கு இன்னும் சாணைக்காரர்தான். வந்தால் வாயிற்காவலரிடம் சொல்லி உள்ளே அழைக்கலாம். சக்கரத்தில் அழுத்திப் பிடிக்காமல் அவ்வப்போது தண்ணீரில் நனைத்துத் தீட்டச் சொன்னால் போதும். சூடேறி விளிம்பில் நீலம் பாய்ந்தால் இரும்பின் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம், பிறகு கூர் நிற்காது.

கத்தி தீட்டிய அன்று வீட்டில் எல்லோரிடமும் அதைச் சொல்லிவிட வேண்டும். மொட்டைக் கத்திக்குப் பழகிய கை பழைய பலத்தோடுதான் அழுத்தும். தக்காளிக்கு இப்போது அவ்வளவு பலம் தேவையில்லை.