ஊரில் உழைக்கலாம், ஊர்ச் சபையில் அமரக் கூடாதா?

வேலூர்க் கோட்டையைத் தோழர்கள் அறிவார்கள். அங்கே சிறையிருந்த கண்டி மன்னனை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? 1815இல் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றினர். மறு ஆண்டே, அதன் கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனைக் கடல் கடத்தி வேலூரிலே அடைத்தனர். 1832இல் இங்கேயே அவன் கண் மூடினான். பாலாற்றங்கரை முத்து மண்டபம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

மன்னன் இங்கே வந்தான். தமிழ்த் தொழிலாளி அங்கே போனான். மன்னன் சிறைக்கு வந்தான். தொழிலாளி பிழைப்புக்குப் போனான். இருவரையும் கடல் தாண்ட வைத்தது ஒரே ஆட்சிதான்!

கண்டிச் சீமையில் என்ன நடந்தது? 1840இல் ஒரு சட்டம். பத்திரம் காட்ட முடியாத காடும் மேடும் சர்க்கார் சொத்து என்றது அது. சிங்களக் கிராமத்தான் மாடு மேய்த்த மலை, துரைமாரின் காப்பித் தோட்டமானது. காப்பி நோயில் அழிந்தது, தேயிலை வந்தது. கங்காணி கூட்டிச் சென்ற தமிழன் லய அறையிலே அடைந்து, அட்டைக் கடியிலே அந்த மலையைப் பசுமையாக்கினான்.

நிலத்தைப் பறித்தவன் துரை. உழைப்பைப் பறித்தவனும் துரை. ஆனால் நிலம் இழந்த சிங்களவன் கோபம் யார் மேல் பாய்ந்தது? பக்கத்து லயத்திலே பசியோடு படுத்திருந்த தமிழன் மேல்! அந்நிய ஆட்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1931இல் இலங்கைக்கு வயது வந்தோர் வாக்குரிமை வந்தது. அரசாங்க சபைக்கு வாக்களிக்கத் தோட்டத் தமிழனுக்கு ஆயிரம் நிபந்தனைகள். போகட்டும், கிராமச் சபைக்காவது உண்டா? 1930களின் இறுதியில் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோதும் அவனுக்குக் கதவு மூடியே கிடந்தது. அதே காலத்து ஆத்திரத்தில்தான், 1939இல் நேரு இலங்கை சென்றபோது, இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது.

வெள்ளையன் போனான், விடிந்ததா? 1948இல் குடியுரிமையே போயிற்று. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பமிட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு! மனிதர்களையா பங்கிட்டார்கள்? ஆம், மூட்டை எண்ணுவதுபோல!

பிறகு குடியுரிமை வந்தது, வாக்கும் வந்தது. ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் சபையின் பணம் தோட்டத்துக்குள் நுழையாதபடி தடுத்தது. வாக்குப் பெட்டிக்கு அவன் வேண்டும். பாதையும் குழாயும் அவனுக்கு வேண்டாமாம்! அந்தச் சட்டம் திருத்தப்பட்டது 2018இல். முப்பத்தோராண்டு காத்திருப்பு, தோழர்களே!

இதை ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஏன் சொல்கிறோம்? இங்கே டேனரியிலே உப்புத் தோலோடு மல்லுக்கட்டும் தோழனுக்கு நகராட்சியிலே வாக்கு உண்டு. முதலாளிக்கும் ஒன்று, அவனுக்கும் ஒன்று. சாக்கடை அடைத்தால் கேட்கலாம். குழாயில் உவர்நீர் வந்தால் கேட்கலாம். ஆலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததே, அதைக் கேட்க வேலூர்க் குடிமக்கள் உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. தீர்ப்பு வந்தது 1996இல். ஊர்ச் சபை விழித்திருந்தால், ஊரான் டெல்லிக்கு நடப்பானேன்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வோம். 2016இலிருந்து 2022 வரை தமிழகத்து நகராட்சிகளிலே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அதிகாரிகள் ஆண்டார்கள். வழக்கைக் காட்டினார்கள், வார்டு வரையறையைக் காட்டினார்கள். நாம் என்ன செய்தோம்? சட்டமன்றத் தேர்தலென்றால் கொட்டு முழக்கம். நகராட்சித் தேர்தல் தள்ளிப் போனால் கொட்டாவி! நம்மையும் சேர்த்தே குற்றம் சாட்டுகிறோம்.

மலையகத்தான் பறிகொடுத்துக் கலங்கிய உரிமையை, நாம் கையிலே வைத்துக்கொண்டு மறந்தோம். வார்டுத் தேர்தல் சின்னத் தேர்தல் என்று எவனாவது சொன்னால், அவனை முத்து மண்டபத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்டியின் கதையைச் சொல்லுங்கள். வீதி விளக்கிலும் குடிநீரிலும் தொடங்காத ஆட்சியுரிமை, கோட்டையிலே கொடி பறந்தாலும் குடிசைக்கு வந்து சேராது!