வாஸ்துவும் அஸ்திவாரமும்

சென்னை, கோவை முதலிய ஊர்களில் இப்போது வீடு விற்பவர்களில் பலர், "வாஸ்துப்படி கட்டியது" என்பதையே பெரிய எழுத்தில் விளம்பரம் செய்கிறார்கள். சிமெண்டுக்கு இருந்த 28 சதவிகித வரி 2025 செப்டம்பரில் 18 ஆகக் குறைந்தது. அப்படி மிச்சமாகும் பணத்தையும் வாஸ்துக்காரர் கொண்டுபோனால் வீடு கட்டுகிறவனுக்கு என்ன லாபம்?

எதிரெதிரே இரண்டு வீடுகள் இருந்தால் இரண்டு வாசலும் கிழக்கே பார்க்குமா? இதைக் கேட்டால் பரிகாரம் உண்டு என்கிறார்கள். அந்தப் பரிகாரத்திற்கும் ஒரு விலை!

சாவி வாங்கினதும் அடுப்பை அக்கினி மூலைக்கு மாற்றச் சுவரை இடிக்கிறவர்கள், எந்தச் சுவர் பாரம் தாங்குகிறதென்று இஞ்சினியரைக் கேட்பதில்லை. மாடுலர் கிச்சனுக்கு லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்துவிட்டு, தச்சன் கூலியில் 50 ரூபாய்க்குப் பேரம் பேசுகிறார்கள். இதற்குப் பெயர் கௌரவமாம்.

2014 ஜூன் 28-ந் தேதி சென்னையையடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் கூலிக்கு வந்த ஏழைகள். மண்ணுக்கும் தூணுக்கும் பலமில்லாவிட்டால் ஈசானிய மூலை வந்து தாங்குமா?

வீடு வாங்கப் போகும் தோழர்கள் மண் பரிசோதனைச் சீட்டைக் காட்டும்படி கேட்கட்டும். எத்தனை பேர் காட்டுகிறார்களென்று நாமும் பார்ப்போம்.