கடலுக்குப் போகும் தண்ணீர் வீணா? ஒரு பழைய பாடத்தைத் திருத்துகிறேன்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் உட்கார்ந்திருந்த அதே பொறுமையோடு படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா மகன் ஒரு வீடியோ போட்டிருந்தான். கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடுகிறது. கீழே, "இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலுக்குப் போகிறது" என்று ஒரு வரி. எல்லோரும் வரிசையாக அழுகிற பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன். போட்ட பிறகு மனசு உறுத்தியது.

சுமார் இருபத்தைந்து வருடங்களுக்கு முன் ஏழாம் வகுப்பில் நடந்தது நினைவுக்கு வந்தது. "மழைக்காலத்தில் ஆற்று நீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்று கரும்பலகையில் எழுதினேன். கடலோரக் கிராமத்திலிருந்து வரும் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், ஆத்துல வெள்ளம் வந்தாதான் எங்கப்பாவுக்கு இறால் நல்லா கிடைக்கும். அப்புறம் அது எப்படி வீண்?" என்று கேட்டான். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவன் என்னிடம் கேள்வி கேட்டதாக ஞாபகம் இல்லை.

அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது சொல்கிறேன்.

ஒரு கிலோ கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஆற்று நீரில் லிட்டருக்குப் பொதுவாக ஒரு கிராமைக்கூட எட்டாது. அளவு மட்டும் அல்ல, வகையும் வேறு. கடலில் சோடியமும் குளோரைடும் அதிகம். ஆற்றில் பெரும்பாலும் கால்சியமும் பைகார்பனேட்டும். இரண்டும் சந்திக்கும்போது குளோரைடு சும்மா கலந்துகொள்ளும். பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய பாதி அளவு. மற்ற எல்லாம் அவ்வளவு சாதுவாகக் கலப்பதில்லை.

ஆற்றில் வரும் நுண்ணிய களிமண் துகள்களின் மேல் எதிர் மின்சுமை இருக்கும். அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்தே வரும். முகத்துவாரத்தில் கடல் நீரின் சோடியம், மெக்னீசியம் அயனிகள் அந்த மின்சுமையை மழுங்கடித்துவிடும். துகள்கள் ஒட்டித் திரண்டு, கனத்து, அடியில் படியும். நீரோட்டம் வேகம் குறைவதோடு இதுவும் சேர்ந்துதான் சேறும் வண்டலும் அங்கே தங்குகின்றன. ஆற்று நீரில் இலைமக்குச் சாறோடு ஒட்டி வரும் இரும்பும் அப்படித்தான். உப்பு பட்டதும் பெரும்பகுதி திரண்டு விழுந்துவிடும். பாஸ்பேட்டில் ஒரு பங்கு அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு சேற்றுக்குப் போய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும்.

மலைப்பாறை கரைந்து வரும் சிலிக்காவோ பெரும்பாலும் கடல் வரை போகும். கண்ணுக்குத் தெரியாத டயாட்டம் என்ற பாசிகள் அதைக் கொண்டுதான் தங்கள் ஓட்டைக் கட்டுகின்றன. அவற்றைச் சிற்றுயிர்கள் தின்னும், சிற்றுயிர்களை மீன் குஞ்சு தின்னும். வெள்ளை இறால் கடலில் முட்டையிட்டாலும் அதன் குஞ்சுகள் வளர வருவது முகத்துவாரத்து உவர் நீருக்குத்தான். பையன் சொன்னது சரி. அவன் அப்பாவின் வலையில் இருந்தது ஆறு கொண்டுவந்த சரக்கு.

வீட்டில் பிள்ளைகளோடு செய்து பாருங்கள். மழைத் தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ களிமண்ணைக் கரைத்து இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு ஸ்பூன் உப்பு போட்டுக் கலக்குங்கள். எது முதலில் தெளிகிறது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

"டீச்சர் அணை வேண்டாம் என்கிறாரா?" என்று கேட்காதீர்கள். நான் விவசாயி மகள். மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று அப்பா ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்த வீட்டில் வளர்ந்தவள். வெள்ளத்தைத் தேக்கத்தான் வேண்டும், ஏரி குளம் தூர்வாரத்தான் வேண்டும். 'வீண்' என்ற அந்த ஒரு சொல்லைத்தான் நான் மறுக்கிறேன்.

2007-இல் காவிரி நடுவர் மன்றம் மொத்த நீரை 740 டிஎம்சி என்று கணக்கிட்டது. அதில் சுற்றுச்சூழலுக்கு 10, கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போவதற்கு 4. இரண்டும் சேர்த்து நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. அந்த 'தவிர்க்க முடியாமல்' என்ற சொல்லைப் பாருங்கள். கடலுக்குக் கொடுப்பது ஒரு பங்காக அல்ல, ஒழுகலாகக் கணக்கில் வருகிறது. மழை மிகுந்த வருடத்தில் இதைவிடப் பல மடங்கு போகிறது, உண்மைதான். ஆனால் அது சில வாரங்களில் அடித்துக்கொண்டு போவது. கோடையில் முகத்துவாரத்துக்கு ஆற்றுத் தண்ணீர் எட்டாதபோது கடல் உள்ளே ஏறுகிறது. கரையோரக் கிணறும் கைப்பம்பும் உப்புக் கரிப்பது கடலோர உறவுகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் கருத்து இதுதான். பெருவெள்ளத்தைத் தேக்குங்கள்; தேக்கியதில் கொஞ்சத்தை வறண்ட மாதங்களிலும் முகத்துவாரம் வரை ஓட விடுங்கள். கடைமடை விவசாயியைப் போல, அவனுக்கும் அப்பால் இருக்கிற மீனவரையும் பங்குக்காரராக எண்ணுங்கள்.

இன்று ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, கட்டுரை நோட்டில் யாராவது 'வீணாக' என்று எழுதினால் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். பரீட்சைக்கு வராத கேள்வி கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள்.

தம்பி, இதை நீ படிப்பாயோ தெரியாது. அன்று நீ சொன்னது சரி. டீச்சர்தான் தவறு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்