மனப்பான்மைக்கு எத்தனை மார்க்?

‘அறிவியல் கற்பிப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.’ முற்றிலும் உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி முற்றிலும் மறுக்கிறேன் வரை ஐந்து கட்டம். ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

தொடக்கப்பள்ளி டீச்சர்களின் ‘மனப்பான்மை’யை நம்ம ஊரில் பெரும்பாலும் இப்படித்தான் அளக்கிறார்கள். எம்.எட். ஆய்வேடு முடிக்க வேண்டிய ஒருவர் படிவத்தோடு வந்து நிற்பார். பக்கத்திலேயே தலைமையாசிரியர். ‘எனக்குப் பிடிக்கலை’ என்று எந்த டீச்சர் டிக் அடிப்பார், சொல்லுங்கள்? அப்புறம் ஆண், பெண், நகரம், கிராமம் என்று பிரித்துக் கணக்குப் போட்டு, ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று பைண்டு பண்ணிவிடுவார்கள்.

இந்த அளவுகோலை 1932-ல் கொடுத்த ரென்சிஸ் லைக்கர்ட் மேல் தப்பில்லை. சட்டைக்கு மேலே தெர்மாமீட்டரை வைத்துவிட்டு ஜுரமே இல்லை என்றால், தெர்மாமீட்டர் என்ன செய்யும்?

2013-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கென்றே ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அறிவியல் முக்கியமா என்பதோடு விடவில்லை. நடத்தும்போது பதற்றமாக இருக்கிறதா, உங்களால் முடியுமா, நேரமும் சாமானும் கிடைத்தால்தான் முடியுமா என்பதையும் சேர்த்தே பார்க்கிறது அது.

நம்ம ஊரில் முதலில் கேட்க வேண்டியது அந்தக் கடைசிக் கேள்வியைத்தான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும். ஐந்து வகுப்பு, இரண்டு பேர்! மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தேர்தல் வேலைக்கும் இவர்களை இழுத்துக்கொள்ள அதே சட்டமே அனுமதிக்கிறது. அந்த டீச்சர் பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தவராகக்கூட இருக்கலாம். ‘பல்லி ஏன் டீச்சர் கீழ விழலை?’ என்று ஒரு பொடிசு கேட்டால், ‘உக்காருடா’ என்றுதான் வாயில் வரும். அது அலட்சியம் இல்லை சார், பயம். ‘தெரியலையேப்பா, வா பார்க்கலாம்’ என்று சொல்ல எந்தப் பயிற்சியில் அவருக்குப் பழக்கினோம்? தகுதித் தேர்வின் முதல் தாளில் சூழ்நிலையியலுக்கு 150-க்கு 30 மார்க். அதுவும் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சமாசாரம்.

‘கை நிறைய சம்பளம் வாங்கறாங்களே’ என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. வாங்கட்டும். சம்பளத்தோடு காந்தமும் லென்ஸும் வருவதில்லை.

எனவே படிவத்தோடு கிளம்புகிறவர்களே, பெயர் கேட்காதீர்கள். தலைமையாசிரியரை டீ குடிக்க அனுப்பிவிடுங்கள். அப்படியே பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். பூதக்கண்ணாடி இருக்கிறதா? சாவி யாரிடம்? பிள்ளைகள் கையில் கொடுத்து உடைந்துபோனால் யார் பதில் சொல்வது? இதையும் படிவத்தில் ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.