யாரைக் கண்டு யார் அஞ்சுவது?

"பைத்தியம் வருகிறது, ஓடு!" என்று கூவுகிறோம். அவர்கள் நம்மை அடித்துவிடுவார்களாம்! அன்புத் தோழியரே, உண்மையில் அடி வாங்குகிறவர்கள் யார்?

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில், மனநோயாளர் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட வழியில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்கள் செய்த குற்றந்தான் என்ன? நோயுற்றது ஒன்றே.

"ஓடிப்போய்விடுவார், அவருடைய நன்மைக்காகவே கட்டிவைத்தோம்" என்று உறவினர் சொல்லக்கூடும். அவர்களுடைய களைப்பை நான் ஏளனம் செய்யவில்லை. இரவெல்லாம் கண்விழிக்கும் தாய்க்கும் துணை வேண்டும், மருத்துவர் வேண்டும். ஆயினும், தீப்பிடித்த அன்று அந்தச் சங்கிலி யாருக்கு நன்மை செய்தது?

மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். நல்லது. ஆனால், பேருந்து நிலையத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நிற்கும் பெண்மீது சிறுவர்கள் கல் எறிகிறார்களே! பெரியவர்கள் வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறார்கள். காவலர் வரும்வரை காத்திருப்பானேன்? அச்சிறுவர்களில் சிலர் நம் தம்பிமார்களாக இருக்கலாம். இன்று மாலையே வீட்டில் கேட்டுப் பார்ப்போமே.