காய்ச்சலும் அவங்களே, மாத்திரையும் அவங்களே: கேம் பூட்டுகள் பற்றி ஒரு த்ரெட்

1/ "தினம் எத்தனை மணி நேரம் விளையாடுறான்?"

பிள்ளைக்கு மொபைல் கேம் பிரச்சனைன்னு பெத்தவங்க வந்தா, நான் உட்பட பல டாக்டர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். இது மட்டும் பத்தாதுன்னு எனக்குப் புரிய வெச்சது ஒரு 14 வயசுப் பையன். த்ரெட் கொஞ்சம் நீளம். வீட்ல பிள்ளைங்க இருக்கறவங்க கடைசி வரைக்கும் படிங்க.

2/ அம்மா கூட்டிட்டு வந்தாங்க. (அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) ஸ்கூல் விட்டு வந்தா நாலு மணி நேரம் கேம். அப்பாவோட யுபிஐ-ல இருந்து 79, 159, 399-னு சின்னச் சின்னதா பணம் போயிருக்கு. நான் சொன்ன வைத்தியம்: "தினம் ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஃபோன் கையில கொடுக்காதீங்க." அந்தம்மா ஒரு நாள் விடாம அதைக் கடைபிடிச்சாங்க.

3/ மூணு மாசம் கழிச்சு திரும்ப வந்தாங்க. நேரம் குறைஞ்சிருந்தது. பணம் முன்னைவிட அதிகமா போயிருந்தது!

எனக்கே புரியல. பையன்கிட்ட தனியா கேட்டேன். "முன்னாடி நாலு மணி நேரம் விளையாடினா பெட்டி திறக்கும் சார். இப்ப டைம் இல்ல. அதான் காசு போட்டுத் திறந்துட்டேன்" என்றான். திருட்டு முழி எல்லாம் இல்ல. கணக்குப் பாடம் சொல்ற மாதிரி சொன்னான்.

4/ நேரத்தை விக்கிறதுதான் அந்தக் கடையோட வியாபாரம். வாங்க வர்ற பையன்கிட்ட இருந்த நேரத்தை நான் பிடுங்கிட்டேன். அவன் காசைத் தேடிப் போகாம என்ன பண்ணுவான்?

வைத்தியத்தாலயே வர்ற கேட்டுக்கு மருத்துவத்துல ஐயட்ரோஜெனிக்னு பேர். அந்த மூணு மாசம் நான் எழுதிக் கொடுத்தது அதுதான்.

5/ கேம் ஆடாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஈஸி, ஹார்டுன்னு கஷ்டத்தோட அளவு ஒண்ணு இருக்கும். ஒரே ஆட்டத்தை வேற விதிகளோட ஆட மோடு இருக்கும். முதல்ல பூட்டியிருந்து அப்புறம் திறக்கிற ஆயுதம், இடம், ஆள் இருக்கும், அதுதான் அன்லாக். இதெல்லாம் மேல தூவுற கொத்தமல்லின்னு நினைக்காதீங்க. அடுத்த பத்து நிமிஷம் உங்க கை என்ன செய்யும்னு முடிவு பண்றதே இதுங்கதான்.

6/ நல்ல பூட்டுக்கு உதாரணம், 1997-ல் வந்த கோல்டன்ஐ 007. நான் ஹாஸ்டல்ல எமுலேட்டர் போட்டு ஆடினது. அதுல கஷ்டத்தை ஏத்தினா எதிரி குண்டு வலிக்கறதோட நிக்காது, செய்ய வேண்டிய வேலையே கூடும். ஃபெசிலிட்டி லெவலை ஏஜென்ட்ல ஆடும்போது தேவையே இல்லாத டாக்டர் டோக், 00 ஏஜென்ட்ல கட்டாயம் சந்திக்க வேண்டிய ஆள். அவர் எங்க நிப்பார்னு ஒவ்வொரு தடவையும் மாறும். கண்டுக்காம ஓடின அறையெல்லாம் திடீர்னு முக்கியமாயிடும். கட்டிடம் அதேதான். ஆட்டம் வேற.

7/ அதே லெவலை 00 ஏஜென்ட்ல 2 நிமிஷம் 5 விநாடிக்குள்ள முடிச்சா, குண்டு பட்டாலும் சாகாத சீட் திறக்கும். யோசிச்சுப் பாருங்க. அது கைக்கு வரும்போது அது உங்களுக்குத் தேவையே இருக்காது. அந்த இடம் முழுக்க மனப்பாடம் ஆகியிருக்கும். அந்தப் பூட்டுக்குச் சாவி உங்க விரல்தான், கடையில கிடைக்காது.

8/ நம்ம 90ஸ் கிட்ஸ் பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்குக் காசு கொடுத்து ஆடின வைஸ் சிட்டியை (2002) எடுத்துக்கோங்க. ஆரம்பத்துல பாலம் மூடியிருக்கும், ஒரு தீவுதான். எரிச்சலா இருக்கும். ஆனா பாலம் திறக்கறதுக்குள்ள அந்தத் தீவோட சந்து பொந்து எல்லாம் தலையில ஏறியிருக்கும். ஒளிச்சு வெச்ச 100 பொட்டலத்துல பத்து பத்தா எடுத்தா வீட்டு வாசல்ல ஒவ்வொரு பொருளா வந்து நிக்கும். அதுக்காகவே மொட்டை மாடி எல்லாம் ஏறினோம். ஊரைச் சுத்த வைக்கிற பூட்டு அது.

9/ "அப்ப கஷ்டமா இருந்தாத்தான் நல்ல கேமா?" இல்லைங்க.

2018-ல் வந்த செலஸ்ட் ரொம்பக் கஷ்டமான கேம். அதுலயே அசிஸ்ட் மோடு இருக்கு. வேகத்தைக் குறைக்கலாம், சாகாம ஆடலாம், தனிக் காசு கிடையாது. கை மூட்டு வீங்கின ருமட்டாய்டு பேஷன்ட் ஒருத்தங்க அந்த மோடுலதான் மலை உச்சி ஏறினேன்னு என்கிட்ட சொன்னாங்க. "ஈஸி மோடு ஏமாத்து வேலை"ன்னு கமென்ட்ல சண்டை போடற தம்பிகளுக்கு: ஒரே டோஸை எல்லா நோயாளிக்கும் கொடுக்கிறவன் கெட்டிக்கார டாக்டர் இல்ல.

10/ இப்ப இன்னொரு வகைப் பூட்டு. கேண்டி கிரஷ்ல அஞ்சு உயிர். போன உயிர் ஒண்ணு திரும்ப வர 30 நிமிஷம். அந்த அரை மணி நேரத்துல நீங்க எதுவும் கத்துக்கறதில்ல, சும்மா உக்காந்திருக்கீங்க. கடைசி நகர்த்தலும் தீர்ந்து தோத்து நிக்கிற அந்த நொடியில "இன்னும் 5 நகர்த்தல் வேணுமா?"ன்னு கடை திறக்கும். இதுல சாவி உங்க விரல்ல இல்ல. பர்ஸ்ல இருக்கு.

11/ "ஃப்ரீ கேம் டாக்டர், அவங்களும் பொழைக்கணும்ல?"

சரி. முழு விலை கொடுத்து வாங்கின கேமுக்கு என்ன சொல்வீங்க? ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2, நவம்பர் 2017. டார்த் வேடரைத் திறக்க 60,000 கிரெடிட். ஆடிச் சேர்த்தா பல பத்து மணி நேரம் ஆகும்னு ஆட்கள் கணக்குப் போட்டாங்க. பக்கத்துலயே காசுக்கு லூட் பாக்ஸ். கேட்டப்போ, சாதிச்ச பெருமை கிடைக்கணும்னுதான் இப்படி வெச்சோம்னு இஏ கம்பெனி பதில் போட்டுச்சு. ரெடிட்ல அதிக டவுன்வோட் வாங்கின கமென்ட் அதுதான். எதிர்ப்பு கிளம்பினதும் 60,000 என்பது 15,000 ஆச்சு.

12/ இங்க நிறுத்திக் கவனிங்க. சாதனைக்குத் தேவையான கஷ்டம் 60,000-னா, அது எப்படி ராத்திரியோட ராத்திரியா 15,000 ஆகும்? அந்த எண் விளையாட்டுக்காக வெச்சது இல்ல, அவ்வளவுதான்.

2018-ல் வந்த அசாசின்ஸ் க்ரீட் ஒடிசி தனியா ஆடற கேம். போட்டிக்கு ஆளே கிடையாது. அதுலயும் அனுபவப் புள்ளி வேகமா ஏற ஒரு பூஸ்டர், காசுக்கு. உங்க கேமைக் கொஞ்சமா ஆடறதுக்கு எங்ககிட்டயே காசா?

13/ என் வாதம் இதுதான். திறக்கறதை விக்க ஆரம்பிச்சுட்டா, சாதாரண ஆட்டம் சலிப்பா இருந்தாத்தான் வியாபாரம். நல்லா இருந்தா யார் காசு கொடுத்துத் தாண்டிப் போவாங்க? அதனால பூட்டு மட்டும் கெடறதில்ல. பூட்டு வரைக்கும் போற வழி பூரா கெடுது.

காய்ச்சலை வர வெச்சுட்டு வாசல்ல பாராசிட்டமால் விக்கிற டாக்டரை நீங்க சும்மா விடுவீங்களா?

14/ சக டாக்டர்களுக்கு. கேமிங் டிஸ்ஆர்டர் ஐசிடி-11-ல் இருக்கு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. திரும்பப் படிங்க. அதுல இத்தனை மணி நேரம்னு எண்ணே கிடையாது. கட்டுப்பாடு போயிடுச்சா, மத்ததெல்லாம் பின்னுக்குப் போயிடுச்சா, கெடுதல் தெரிஞ்சும் தொடருதான்னுதான் கேட்குது. நேரம் அளக்கறது சுலபம், அதான் அளக்கறோம். தூக்கம், படிப்பு கெட்டா நேரத்தைக் குறைங்க, தப்பில்ல. ஆனா எந்த கேம்னு கேட்காம குறைக்காதீங்க. நான் கேட்காததோட விலையை ஒரு குடும்பம் கட்டிச்சு.

15/ பெத்தவங்களுக்கு மூணு கேள்வி. திட்டாம, பக்கத்துல உக்காந்து கேளுங்க.

அ) இது எப்படித் திறக்கும்? நல்லா ஆடினாலா, காத்திருந்தாலா, காசு போட்டாலா?
ஆ) தோத்ததும் ஸ்கிரீன்ல என்ன வருது? "மறுபடி ஆடு"வா, கடையா?
இ) பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு காசு போடறதுக்கு முன்னாடி தெரியுமா?

மூணாவதுக்கு "தெரியாது"ன்னு பதில் வந்தா அது சீட்டு குலுக்கல். பெல்ஜியம் 2018-லயே காசுக்கு விக்கிற லூட் பாக்ஸை சூதாட்டம்னு சொல்லிடுச்சு.

16/ பையன் என்ன ஆனான்னு கேட்பீங்க. யுபிஐ பின்னை மாத்தச் சொன்னேன். ஒரு மணி நேரக் கெடுவைக் கொஞ்சம் தளர்த்தினேன். கேமை மாத்தச் சொன்னேன். ஒரு தடவை வாங்கினா அதோட முடியற கேம், கடையே இல்லாதது, அவனே தேர்ந்தெடுக்கட்டும்னு விட்டேன்.

போன மாசம் வந்தான். இன்னும் நிறையத்தான் விளையாடறான், பொய் சொல்ல விரும்பல. ஒரு பாஸை முப்பது தடவை தோத்து ஜெயிச்ச கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். முதல் தடவை வந்தப்போ அவனுக்குச் சொல்ல ஒரு கதையும் இல்ல. வாங்கின பொருளோட பட்டியல்தான் இருந்தது.

17/ தோக்கறது பிள்ளைங்களுக்கு நல்லது. தோக்க வெச்சுக் காசு பாக்கறதுதான் அயோக்கியத்தனம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டு "கேமே கெட்டது"ன்னு நாம திட்டற வரைக்கும் ரெண்டாவது ஆளுக்குக் கொண்டாட்டம்தான்.

இன்னிக்கு ராத்திரி பிள்ளைகிட்ட அந்த முதல் கேள்வியை மட்டும் கேட்டுட்டு வந்து பதிலை இங்க எழுதுங்க. ஒவ்வொண்ணா படிக்கிறேன்.